ஹார்லனின் கனத்த குண்டுகள்

"இருநூத்தி இருவத்தெட்டு… இருவத்தொம்போது… இருநூத்தி முப்பது! அந்தா தொப்பிக்காரர் கைய தூக்கிட்டாரு! போச்சு, போச்சு, வித்தாச்சு!"

தொப்பிக்காரர் யாரும் இல்லை. கார் கொட்டகையில் ஹார்லன் டெட்விலர் மட்டும்தான் இருக்கிறார். தராசு காட்டும் எடையைக் கூவிக்கொண்டே அதிலிருந்து ஒரு ஈயக்குண்டை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை வைக்கிறார். கெட்டில் க்ரீக் மாட்டுச் சந்தையில் நாற்பத்தொரு வருடம் ஏலம் கூவியவர். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. வாய் இன்னும் ஓய்வு பெறவில்லை.

குண்டை அவரே வார்க்கிறார். சட்டியில் ஈயத்தை உருக்கி, கரண்டியால் அச்சில் ஊற்றி, ஆறியதும் தட்டி விழவைப்பார். சுருக்கம் விழுந்தது 'நொண்டிக் கன்று'. விளிம்பு நிரம்பாதது 'பல்லுப் போன பசு'. இரண்டும் திரும்பச் சட்டிக்கே போகும். தேறியதைப் பித்தளைக் கூட்டில் வெடிமருந்தோடு அழுத்தித் தோட்டாவாக்கி, கழற்றி வைத்த துப்பாக்கிக் குழலுக்குள் ஒவ்வொன்றாக விட்டுப் பார்ப்பார். தடையில்லாமல் டொக்கென்று போய் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் குற்றம் அச்சின் மேல், குழலின் மேல், மொன்டானாவின் வானிலை மேல். அவர் மேல் மட்டும் ஒருநாளும் கிடையாது.

ஈயம் எங்கிருந்து வருகிறது என்பது ஊர் முழுக்கத் தெரியும். டயர் கடையில் கழித்துப் போடும் ஈய எடைக்கட்டிகளை வாளியில் வாங்கி வருவார். அது தீர்ந்துபோன ஒரு ஏப்ரலில் மச்சினி டோரியின் வீட்டு வரவேற்பறைத் திரைகள் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே கொடியாகப் பறந்தன. அடி மடிப்பில் தைத்திருந்த ஈயத் துண்டுகளைக் காணவில்லை.

"ஹார்லன், என் திரைச்சீலைய உருக்கிட்டியா?" என்று போனில் கேட்டாள் டோரி.

"காத்தோட்டமா இருக்கா இல்லையா, அத சொல்லு" என்றார் இவர்.

இத்தனையும் எதற்கு? வருடாவருடம் ஜூலையில் கெட்டில் க்ரீக் துப்பாக்கிக் கழகம் நடத்தும் கட்டைப் போட்டிக்கு. இரும்பு மேஜையில் ஐந்து பௌலிங் விளையாட்டுக் கட்டைகளை நிறுத்துவார்கள். கட்டை சாய்ந்தால் போதாது, மேஜையை விட்டே விழ வேண்டும். முதலில் ஐந்தையும் தள்ளுகிறவருக்குப் புகை போட்ட பன்றித் தொடை ஒன்று. "லேசான குண்டு கட்டைய கிள்ளும். கனத்த குண்டு புடிச்சு தள்ளும்" என்பது ஹார்லனின் கொள்கை. கொள்கையில் குறையில்லை. ஆனால் நாலு வருடமாகப் பன்றித் தொடை போவது, கடையில் தோட்டா வாங்கிச் சுடும் அதே மச்சினி, தபால்காரி டோரியின் வீட்டுக்கு. நல்ல நேரம் பார்த்து இவருடைய துப்பாக்கியில் தோட்டா சிக்கிக்கொள்ளும்.

அந்த ஜூலைக்கு ஒரு வாரம் முன்னால் மனைவி வெல்டா ஒரு சோதனை செய்து பார்த்தார். நாலைந்து மாதமாகவே அவருக்குள் ஒரு புகைச்சல். என்ன சொன்னாலும் இந்த மனிதர் 'ம்' என்கிறார், அப்புறம் செய்வதில்லை. கொட்டகைக்குள் போய், முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவரின் பின்னால் நின்றார்.

"ஹார்லன், உன் வண்டிய வித்துட்டேன்."

"சரி, நல்லது."

"துப்பாக்கிய டோரிக்குக் குடுத்துட்டேன்."

"நீயே பாத்துக்க, கண்ணு."

"நான் நம்ம ஊரு பல் டாக்டரோட அலாஸ்காவுக்கு ஓடிப்போறேன்."

"வரும்போது மொளகு வாங்கிட்டு வா."

வெல்டாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாற்பது வருடம் ஒரு ஆளுக்குச் சமைத்துப் போட்டால் கடைசியில் நம் குரல் மின்விசிறிச் சத்தமாகிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டார். ஆத்திரத்தில் கொட்டகைக் கதவை ஓங்கி அறைந்தார். சுவர் அதிர்ந்தது. அதற்குத்தான் ஹார்லன் திரும்பினார். அப்போது அவர் கூடுகளுக்கு மருந்து அளந்து போட்டுக்கொண்டிருந்தார். "என்ன, காத்தா?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடமென்று தான் நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்தார்.

போட்டியன்று நல்ல வெயில். கட்டைகள் பறந்தன. ஹார்லன் ஏலக்குரலில் தன்னைத் தானே உற்சாகப்படுத்திக்கொண்டு ஒவ்வொரு சுற்றாகத் தாண்டினார். ஒரு முறைகூடச் சிக்கவில்லை. கடைசிச் சுற்றில் அடுத்தடுத்த மேஜைகளுக்கு எதிரே ஹார்லனும் டோரியும்.

"இந்தத் தடவை பன்னி நம்ம வீட்டுக்குத்தான். நீ வேணா எலும்பு வாங்கிட்டுப் போ" என்றார் ஹார்லன், காதுமூடியை மாட்டிக்கொண்டே.

"மொதல்ல என் திரைச்சீலைய திருப்பிக் குடு."

"அதத்தான் இப்ப சுடப் போறேன், பாரு!"

நடுவர் விசில் ஊதினார். இரண்டு பக்கமும் ஒன்று, இரண்டு, மூன்று எனக் கட்டைகள் விழுந்தன. டோரி நாலாவதையும் தள்ளினாள். ஹார்லன் நாலாவதுக்கு விசையை அழுத்தினார். வெடிக்க வேண்டிய இடத்தில் 'புஸ்' என்று ஒரு சத்தம், சோடா பாட்டில் திறந்த மாதிரி. கட்டை அசையவில்லை.

அங்கே நின்ற அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. கூட்டில் மருந்து இல்லை. அடியிலுள்ள பொறி மட்டும் தள்ளியதால் குண்டு குழலை விட்டு வெளியே வராமல் நடுவிலேயே நிற்கிறது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். நடுவர் ஊதினார். "நிறுத்து!" என்று நாலு திசையிலிருந்தும் கத்தினார்கள். வெல்டா பெஞ்சிலிருந்து எழுந்தார்.

ஹார்லனோ வழக்கமான சிக்கல்தானே என்று துப்பாக்கியின் மேற்பகுதியைக் கையால் இழுத்துவிட்டார். புதுத் தோட்டா உள்ளே போனது. கையை உயர்த்திக் குறி பார்த்தார்.

டோரிக்கு இன்னும் ஒரே ஒரு கட்டை மிச்சம். அவள் துப்பாக்கியை முன்னாலிருந்த பலகையில் வைத்துவிட்டு, ஒரே எட்டில் வந்து, ஹார்லனின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பலகையோடு அழுத்தினாள்.

"விடுடி! ஏமாத்துக்காரி! தோத்துடுவோம்னு பயந்து கைய புடிக்கிற!"

அவள் விடவில்லை. நடுவர் வந்து துப்பாக்கியை வாங்கி, குழலைக் கழற்றி, ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டார். குச்சி பாதியில் நின்றது. சுத்தியலால் நாலு தட்டு தட்டியதும் கனத்த ஈயக்குண்டு ஒன்று ஹார்லனின் காலடியில் விழுந்தது.

ஹார்லன் குனிந்து அதை எடுத்துப் பார்த்தார். "காதுமூடி போட்டிருந்தேன். எப்டி கேக்கும்?" என்றார்.

"நானுந்தான் போட்டிருந்தேன்" என்றாள் டோரி.

இரண்டு பேரும் முடிக்காததால் பன்றித் தொடை மூன்றாவதாக வந்தவருக்குப் போனது. அது அந்தப் பல் டாக்டர். அவருக்கே நம்ப முடியவில்லை.

பிறகு எல்லோரும் மரத்தடி மேஜைகளில் சோளமும் வறுத்த கோழியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெல்டா தட்டைத் தள்ளிவைத்தார். கேட்காத காது மேலா இத்தனை மாதமாகக் கோபப்பட்டோம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில், பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார்: "ஹார்லன், நீ என்ன வேணும்னே கண்டுக்கலன்னு நெனச்சிட்டேன்."

ஹார்லன் சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். மனைவியின் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. வழக்கமான 'ம்' தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கினார். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, மேஜையைச் சுற்றிப் போய், வெல்டாவின் மறுபக்கம் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றித் தொடையில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்கும் இடது காதை அவர் பக்கம் சாய்த்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லு."