இரண்டு ஆள் காற்று

தெருவில் அவருக்குப் பெயர் காத்தழுத்தம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை யாரும் உபயோகிக்காததால் புதிதாகவே இருக்கிறது. நெடுந்தூரம் போகிற பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கு சஸ்பென்ஷன் பழுது பார்ப்பது அவர் தொழில். அந்த வண்டிகளின் பின்பக்க ஷாக் அப்சார்பருக்குள் காற்று இருக்கும். காற்றை ஏற்றுவதற்குப் பக்கப் பெட்டிக்குப் பின்னால் கையடக்கமான ஒரு கம்ப்ரசர். ஏறுகிற ஆட்களின் எடைக்குத் தக்க காற்று, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவர் விளக்கிக் கேட்டவர்கள், பூமி சுற்றுவதே அந்தக் கம்ப்ரசர் புண்ணியத்தில்தான் என்று நம்பிக்கொண்டு வீடு திரும்புவார்கள். அவர் கோபமாகக் கடைக்கு வந்தால், "தாழ்வு மண்டலம் நெருங்குது, கடைய மூடுங்க" என்று பக்கத்து டெய்லர் எச்சரிக்கை விடுப்பார்.

அவருடைய சொந்த வண்டியில், காற்றழுத்தமானியின் கண்ணாடிமேல் வெள்ளைப் பெயிண்டில் இரண்டு கோடுகள் இருந்தன. கீழ்க்கோடு அவர் தனியாகப் போவதற்கு. மேல்கோடு மனைவியோடு போவதற்கு. வண்டி வாங்கிய அன்று மனைவியைப் பின்னால் ஏற்றி, தெருவே கூடி வேடிக்கை பார்க்கப் போட்ட கோடு அது.

"நல்லா அழுத்தி உக்காரு."

"இதுக்கு மேல அழுத்துனா டயரு வெடிச்சிரும், பரவால்லயா?" என்றாள் அவள். அப்போது அவள் அப்படித்தான் இருந்தாள். தன் எடையைப் பற்றிக் கிண்டலடிக்கும் உரிமையைத் தனக்கே ஒதுக்கி வைத்திருந்தாள்.

பிறகு நோய் வந்தது. வயிற்றில் தொடங்கி எலும்புக்குள் போனது. வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்ற வேண்டும். தலைமுடி போயிற்று, தலையைச் சுற்றித் துணி வந்தது. சதை போயிற்று. மேல்கோடு மட்டும் போகவில்லை.

அவள் தம்பியிடம் கார் இருந்தது. "மாமா, அக்காவ நான் கார்ல கூட்டிட்டுப் போறேனே."

"உன் கார்ல ஏறுனா அவளுக்குக் குமட்டும். என் வண்டி மெத்தை மச்சான், மெத்தை."

"மெத்தைன்னு நீங்கதான் சொல்றீங்க. அக்கா ஒரு நாளும் சொல்லலியே."

"அவ எதுக்குச் சொல்லணும்? மீட்டர் முள்ளு சொல்லும்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளை எடைமேடையில் ஏற்றும் நேரத்தில் எப்போதும் அவருக்கு வண்டியின் டயர் ஞாபகம் வந்துவிடும். வெளியே போய்விடுவார். எண் வாசித்து முடிந்த பிறகுதான் டயர் திருப்தியளிக்கும். உடம்பு தேறியதும் இரண்டு பேருமாகக் கடலோரச் சாலையில் ஒரு நீண்ட பயணம் என்று டெய்லர் கடையில் அறிவித்திருந்தார். அதற்குத்தான் மேல்கோடு தேவைப்பட்டது.

கோளாறு இப்படித் தொடங்கியது. புறப்படுமுன் மேல்கோடு வரை காற்றை ஏற்றிவிட்டு, பூட்ஸ் மாட்ட உள்ளே போவார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் அவருக்குப் பூட்ஸ், கையுறை, ஜாக்கெட் எல்லாம் வேண்டும். யுத்தத்துக்குப் போகிறவர் மாதிரி வெளியே வருவார். தெருமுனை திரும்பும்போது பார்த்தால் முள் இறங்கியிருக்கும். வண்டியை நிறுத்திப் பொத்தானை அழுத்துவார். கம்ப்ரசர் உறுமும். அடுத்த வாரமும் அதே கதை. அந்தக் குட்டி கம்ப்ரசர் அவ்வளவு நேரம் ஓடப் பிறந்ததல்ல. சூடேறி, கருகிய வாடை வீசி, ஒரு நாள் உயிரை விட்டது.

நிபுணர் விசாரணையைத் தொடங்கினார். மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் பூசினார். ஒரு குமிழிகூட வரவில்லை. எனவே கம்ப்ரசரின் உள்வால்வே குற்றவாளி என்று தீர்ப்பளித்துப் புதியது மாட்டினார். அதுவும் கருகியது. "எல்லாம் டூப்ளிகேட்டு" என்று உலகத்தைத் திட்டினார். மூன்றாவது வந்து சேரும்வரை காற்று இறங்கிய வண்டியிலேயே போக வேண்டியதாயிற்று.

"ரொம்ப ஆடுதாம்மா? கொஞ்சம் பொறுத்துக்கோ, கம்ப்ரசர் போச்சு."

"நல்லாத்தாங்க இருக்கு. அதச் சரி பண்ண அவசரமே இல்ல."

இதை அவர் மனைவியின் பெருந்தன்மைக்குச் சான்றாக டெய்லரிடம் சொல்லி நெகிழ்ந்தார். நெகிழ்ந்த வேகத்தில் மூன்றாவது கம்ப்ரசரைச் சீக்கிரமே வரவழைத்து மாட்டினார்.

அதுவும் திணற ஆரம்பித்தபோது மறுபடி சோப்புத் தண்ணீரோடு வண்டியருகே மண்டியிட்டார். காற்று வால்வுக்கு நேர் கீழே, தரையில், ஒரு ஹேர்பின் கிடந்தது. ஒரு முனை நேராக நிமிர்த்தப்பட்டிருந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"இது வண்டிக்கிட்ட எப்படி வந்துச்சு?"

"முடியிலேர்ந்து விழுந்திருக்கும்" என்றாள் அவள், யோசிக்காமல்.

அவர் அவள் தலைத்துணியைப் பார்த்தார். அவளும் அவர் பார்வை போன இடத்தைக் கவனித்தாள். "எந்த முடியிலேர்ந்து?" என்று அவர் கேட்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரமாயிற்று.

"நீங்க பூட்ஸ் போடப் போவீங்கல்ல, அந்த நேரத்துல கொஞ்சம் புஸ்ஸுனு விட்டுருவேன்."

"எதுக்கு?"

"கல்லு மேல உக்காந்த மாதிரி இருக்குங்க. ஒவ்வொரு குழியும் முதுகெலும்புல ஏறி இறங்குது."

"வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா கோட்ட அழிக்கணும். நீங்க அழிப்பீங்களா?"

கனத்த ஆளுக்கான காற்றில் மெலிந்த ஆளை ஏற்றினால் மெத்தை கல்லாகும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். அதை வாடிக்கையாளர்களுக்கு எத்தனையோ முறை, கேட்காமலே போதித்தவர். ஹேர்பினைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் பூட்ஸ் போடாமல், செருப்போடு வந்தார். மச்சானைக் கூப்பிட்டு, வால்வைக் காட்டி, ஹேர்பினைக் கொடுத்தார். தான் முன்னால் ஏறி, அவளைப் பின்னால் ஏற்றினார். இரண்டு பேருமாகக் கொஞ்சம் குலுங்கிப் பார்த்தார்கள்.

"சொல்லும்மா. எது வரைக்கும்?"

மச்சான் அழுத்தினான். புஸ். முள் இறங்கத் தொடங்கியது.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

புஸ்.

"இப்போ?"

"இன்னும்ங்க."

மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே எங்காவது நிற்கும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். முள் அந்த இடத்தைத் தாண்டியது. மச்சான் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஆங், இப்போ சரி" என்றாள். அவள் உடம்பு தளர்ந்து அவர் முதுகில் சாய்ந்தது. எடையே தெரியவில்லை. முள் கீழ்க்கோட்டுக்கு மயிரிழை மேலே நின்றிருந்தது.

மச்சான் உள்ளே போய் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்து நீட்டினான். "மாமா, இந்த எடத்துல ஒரு கோடு போட்டுருங்க. ஒவ்வொரு வாரமும் தேட வேணாம்ல."

அவர் கண்ணாடியை விரலால் துடைத்து, குனிந்து, தொழில்காரனின் கண்ணால் அளந்து பார்த்தார்.

"வேணாம் மச்சான். கீழ்க்கோட்டுக்கும் முள்ளுக்கும் நடுவுல பிரஷ் போகாது" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.