வாயு என்று சொல்லி வைத்தேன்

எனக்கு வந்தது கணைய அழற்சி. எங்கள் வலங்கைமான் பக்கம் கணையம் என்று வாயைத் திறந்தாலே, எத்தனை வருஷக் குடி என்றுதான் அடுத்த கேள்வி வரும். நானோ சாராய வாடையே ஆகாதவன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் முழுநேரக் குடிகாரர். அவருக்கும் அதே நோய்தான். நாலாம் நாள் இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் மூச்சுத் திணறி ஐசியூவில் பன்னிரண்டு நாள் கிடந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எரிச்சலாக வந்தது.

குடிக்காத எனக்கு ஏன் இவ்வளவு முத்தியது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

“குடி, பித்தப்பைக் கல்லு, ரத்தக் கொழுப்பு, எதனால வேணா வரும்ங்க. யாருக்கு முத்தும்னு காரணத்தை மட்டும் வச்சு சொல்லிட முடியாது. ஆனா கொழுப்பு இவ்வளவு ஏறி வந்தா கடுமையாகுற வாய்ப்பு அதிகம். உங்க ரத்தம் அரிசி கழுவுன தண்ணி மாதிரி இருந்துச்சு. இது பரம்பரையாவும் வரும். கூடப்பிறந்தவங்களை டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க.”

தலையாட்டிவிட்டு வந்தேன். அப்போது மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். குடிகாரன் மகள் என்று பேச்சு கிளம்பினால் மானம் கப்பலேறும். கேட்டவர்களுக்கெல்லாம் வாயுத் தொந்தரவு என்றேன். தம்பிக்கும் அதையேதான் சொன்னேன்.

சம்பா நடவு முடிகிற நாளில், தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

“நேத்துலேர்ந்து வலிண்ணே, முதுகு வரைக்கும் இழுக்குது. உனக்கு வந்த அதே வாயுதான். மூணு சோடா குடிச்சிட்டேன்.”

தோளைப் பிடித்துத் தூக்கினேன். நடவாட்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“அது வாயு இல்லடா, கணையம். நான் சொன்னது பொய். ஏறு வண்டில.”

யாரோ சிரித்தது காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே, குடிப்பாரா என்று டாக்டர் கேட்பதற்கு முன்பே சொன்னேன்: “எனக்கு ரத்தக் கொழுப்பால கணையம் வீங்குச்சு. இவனுக்கும் முதல்ல அதைப் பாருங்க.” எடுத்த ரத்தம் குழாயில் வெளுத்து நின்றது. அன்றைக்கே சரியான வைத்தியம் தொடங்கிவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள்தான் தம்பிக்குப் பேசத் தெம்பு வந்தது. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடுதான் போயிருந்தேன்.

“அண்ணே, எம் புள்ளைங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும்” என்றான் மெதுவாக. “வீட்டுல என்னன்னு நானே சொல்லிக்கறேன். நீ சொன்னா நம்ப மாட்டாங்க.”