ஹைதராபாத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ: நான் விடாத இரண்டு ரிங்

"சான் பிரான்சிஸ்கோ போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று ஆபீசில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2010 மே மாதம், ப்ராஜெக்ட் வேலைக்காக முதல்முறை போனேன். அந்தக் கணக்கை எழுதிவிடுகிறேன். கணக்கில் வராத ஒன்றும் உண்டு. சிரிக்காமல் படியுங்கள்.

நேராகப் பறந்தால் சுமார் 13,500 கிலோமீட்டர். துபாய் வழியாக 15,600. ஷம்ஷாபாத் ஏர்போர்ட்டில் விடிகாலை நாலரைக்கு ஏறினால், துபாய்க்கு நாலு மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரம் காத்திருப்பு, பிறகு ஒரே மூச்சில் பதினாறு மணி நேரம். மொத்தம் இருபத்திரண்டு. ஆனால் டிக்கெட்டில் அதே நாள் மதியம் இரண்டு மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். அது அந்த ஊர் நேரம்; நம்ம ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டி இரண்டரை.

நான் ஒரே பிள்ளை. வெளியூர் போனால், சேர்ந்ததும் மெட்டுகுடா வீட்டு லேண்ட்லைனுக்கு இரண்டு ரிங் விட்டு கட் பண்ண வேண்டும். யாரும் எடுக்க மாட்டார்கள், காசும் போகாது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டையர் ஆன அப்பா போட்ட சட்டம் அது. "மத்தியானம் ரெண்டுக்கு இறங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் அதை நம்ம ஊர் இரண்டு மணி என்று எடுத்துக்கொண்டார்.

துபாய் தாண்டிய பிறகு சூரியன் மறையவே இல்லை. வடதுருவப் பக்கம் எல்லோரும் ஜன்னலை மூடித் தூங்க, நான் மட்டும் லேசாகத் திறந்து பார்த்தேன். கீழே வெறும் வெள்ளை. இன்னும் எட்டு மணி நேரம் என்றது திரை. காரணமே இல்லாமல் வீட்டுக்கு ஒரு ரிங் விட வேண்டும்போல் இருந்தது. போன் அணைந்து பைக்குள் கிடந்தது.

இறங்கி போனை ஆன் பண்ணியதும் அம்மா அழைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து.

"மத்தியானத்துலேந்து நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு போன் பக்கத்துலயே உக்காந்திருந்தாருடா. வாசல்ல ஆட்டோ நிக்குது, 'நக்கோ, வேண்டாம், பையன் ரிங் வரட்டும்'ங்கறாரு. சாயங்காலம் ஆறரைக்கு நீ ரிங் விட்டப்புறம்தான் எழுந்தாரு. இன்னும் அரை மணி போயிருந்தா அவ்வளவுதான்னாரு டாக்டர். இப்ப பரவால்ல."

"அம்மா, நான் இப்பதாம்மா இறங்கியிருக்கேன்."

"கைக்குடா, ஏன்டா இப்படிப் பேசறே? நானும்தான் கேட்டேன். ரெண்டு ரிங், கட்."

நம்ம ஊர் ஆறரைக்கு நான் வடதுருவப் பனிக்கு மேலே இருந்தேன். ராங் நம்பராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 

இந்த வழியில் போகிறவர்கள் தயவுசெய்து இறங்கும் நேரத்தை நம்ம ஊர் நேரத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். துபாயிலிருந்தே வீட்டுக்குப் பேசிவிடுங்கள், காசு பார்க்காதீர்கள். நெஞ்சு வலித்தால் என் ரிங்குக்காகக் காத்திருக்காதீங்க என்று வீட்டில் சண்டை போட்டாவது சொல்லிவிடுங்கள்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தேன். மறுநாள் காலை அப்பாவும் நானும் அருகருகே உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். லேண்ட்லைன் அடித்தது. இரண்டு ரிங். நின்றுவிட்டது.

"அப்பாடா, சேந்துட்டான்" என்றார் அப்பா, பழக்கத்தில்.

பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.