நிழலைக் குறித்தவர்

அருமனையில் மழை பிடித்தால் ரப்பர் மரக்கிளை ஒடிந்து கரண்ட் கம்பியில் விழும், கரண்ட் போகும். ஆக்சிஜன் மெஷினை நம்பிப் படுத்திருந்த என் கணவருக்காக, பேட்டரியோடு சோலார் வைக்க ஒருவரை வரவழைத்தேன். வெயிலில் கறுத்த, மெலிந்த மனிதர். சட்டைப்பையில் ஒரு சாக்பீஸ் வைத்திருந்தார். காலையிலிருந்து மணிக்கொரு தடவை மாடியேறி, என் கணவரின் சன்னலோரப் பலாமரத்தின் நிழல் விழும் இடத்தைக் கோடு போட்டுக் குறித்துக்கொண்டே இருந்தார். மாடியில் பாதிக்குமேல் நிழல்தான்.

“மரத்த வெட்டிரலாமே” என்றேன்.

“வெட்டண்டாம் அக்கா. அண்ணன் அதத்தான பாத்துட்டு கெடக்காவ?”

நிழல் எட்டாத மாட்டுத்தொழுவத்தின் கூரையில் பேனல்களைப் பொருத்திவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே மழையில் கரண்ட் போனது. மெஷின் நிற்கவில்லை. சந்தோஷத்தில் சோலார் வைத்தவருக்குப் போன் செய்தேன்.

“அண்ணனுக்க பக்கத்துல போனை கொஞ்சம் வையுங்க அக்கா” என்றார்.

வைத்தேன். என் கணவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்த மூச்சுச் சத்தத்தை மறுமுனையில் அந்த மனிதர் வெகுநேரம் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். யாரை நினைத்துக் கேட்டாரோ, தெரியவில்லை. நானும் போனை அங்கிருந்து எடுக்கவில்லை.