நாலு மணிக்கு வந்த அழைப்பு

மனநல ஆலோசகராக எப்படி ஆனீர்கள் என்று கேட்பவர்களிடம், சிதம்பரத்தில் உளவியல் படித்தேன் என்று சொல்லி முடித்துவிடுவேன். அது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பு கடலூர் தொலைபேசி நிலையத்தில் மூன்று வருடம் ஆபரேட்டராக இருந்தேன். இந்தத் தொழிலை நான் தொடங்கியது அங்கேதான், அதுவும் ஒரு தவறோடு.

அறுபதுகளின் தொடக்கம் அது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு வேலை கிடைத்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறை. சுவரை ஒட்டி ஆளுயரப் பலகை. அதன் முன்னால் மூன்று நாற்காலிகள். ஊரில் யாராவது போனின் கைப்பிடியைச் சுழற்றினால், பலகையில் அவருக்குரிய சின்னப் பித்தளை மூடி சடக்கென்று விழும். நாங்கள் பிளக்கைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்போம். கேட்ட எண்ணோடு இணைத்துவிட்டு உடனே விலகிவிட வேண்டும். தலையில் மாட்டும் கருவியின் பட்டைக்கு இடம்விட்டுத்தான் பூ வைத்துக்கொள்வோம். அப்படியும் சாயங்காலம் கழற்றும்போது பாதி மல்லிகை நசுங்கியிருக்கும். மதியத்துக்கு மேல் ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்தால், மூவரும் சொல்லி வைத்தாற்போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வோம். அந்தக் காற்றை இப்போது நினைத்தாலும் கழுத்து குளிர்கிறது.

பழைய நகரத்தில் ஒரு வியாபாரியின் வீட்டிலிருந்து தினமும் நாலு மணிக்கு அழைப்பு வரும். பெண் குரல்.

"மணி என்னம்மா ஆவுது?"

"நாலுங்க."

"சரிம்மா."

ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. மணி கேட்க வேறு ஆளா இல்லை என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் அலுத்துக்கொண்டேன். ஒரு நாள் அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவருக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் கணீரென்று நாலு அடித்தது. இருவருமே அதைக் கேட்டோம். ஆனாலும் வழக்கம்போல, "நாலுங்க" என்றேன்.

மறுநாளிலிருந்து அந்த மூடி விழுந்தால் நானே முந்திக்கொண்டு எடுத்தேன். மணியோடு இன்னும் ஒன்றிரண்டு வார்த்தைகள் சேர்ந்தன. மழை வருமா, சாப்பிட்டாயா, வீடு எந்தப் பக்கம். முகம் பார்க்காத இரண்டு பேர் பேசிக்கொள்ளும் பேச்சு. ஒரு வெள்ளிக்கிழமை அவராகவே சொன்னார்.

"எனக்கு ஒரே பொண்ணும்மா. பதினோரு வயசு. போன ரமலானுக்கு முன்னாடி காய்ச்சல்ல போயிட்டா. இந்த நேரத்துக்குத்தான் ஸ்கூல் விட்டு வருவா."

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட வேண்டும் என்று தவித்தேன். "மனசத் தேத்திக்குங்கக்கா. உங்களுக்கு என்ன வயசா ஆயிடுச்சு? அடுத்த குழந்தை பொறந்தா எல்லாம் மறந்து போயிடும்" என்றேன்.

"சரிம்மா, வச்சிடறேன்" என்றார்.

அடுத்த நாள் நாலு மணிக்கு அந்த மூடி விழவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இரண்டு வாரம் அந்தப் பித்தளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஆறுதல் சொன்னதாக நினைத்திருந்தேன். உண்மையில் அவர் அழுவதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அதனால் அவர் வாயை அடைத்துவிட்டேன். இது புரிவதற்கே எனக்குப் பல நாள் பிடித்தது.

வீட்டுக்கே போய்ப் பார்க்கலாமா என்று சூப்பர்வைசர் அம்மாவிடம், யார் என்று சொல்லாமல், கேட்டேன். அவர் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அவுங்களுக்கு நீ வெறும் குரல்தான். அதனாலதான் உங்கிட்ட சொன்னாங்க. வாசல்ல போய் நின்னா அப்புறம் எப்பவும் பேச மாட்டாங்க" என்றார்.

அன்று நாலு மணிக்கு, விதியை மீறி நானே அந்த வீட்டுக்கு மணி அடித்தேன்.

"லைன் சரியா இருக்குதான்னு பாக்கறோங்க."

"சரியாத்தான் இருக்கு."

அவர் வைத்துவிடுவதற்குள் சொன்னேன். "அன்னைக்கி நான் சொன்னது தப்புக்கா. ஏதோ தெரியாம சொல்லிட்டேன். உங்க பொண்ணு எப்படி இருப்பா, சொல்லுங்க. கேக்கறேன்."

அவர் மெல்ல ஆரம்பித்தார். "வாய் ஜாஸ்திம்மா அவளுக்கு. வாசல்லேர்ந்தே கத்திக்கிட்டுத்தான் வருவா. பையக் கழட்டி எங்கியாவது எறிவா. அவ பேர இந்த வூட்ல யாரும் சொல்றதே இல்ல. அல்லாவோட நாட்டம்னு சொல்லிட்டு எல்லாரும் வேலையப் பாக்கப் போயிட்டாங்க. அவ வாப்பா இந்த நேரத்துல கடைய வுட்டு வர்றதே இல்ல." அழுதார். நடுவில் ஒரு முறை, மகள் செய்த ஏதோ குறும்பைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார். நான் 'உம்' என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை.

பலகையில் வரிசையாக மூடிகள் விழுந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை. காத்திருந்து பொறுமையிழந்த ஒருவர் புகார் செய்துவிட்டார். எனக்கு மெமோ வந்தது: சந்தாதாரருடன் என்ன பேசினீர்கள், ஏன் பேசினீர்கள், விளக்கம் தரவும். 'பேசியது தவறு. பேசியது என்ன என்பது அந்த அம்மாவுக்குச் சொந்தமானது, என்னால் எழுத முடியாது' என்று எழுதிக் கொடுத்தேன். துணிச்சல் எல்லாம் இல்லை. என்னைப் பலகையிலிருந்து எடுத்து, வெளியூர் டிரங்க் கால்களைப் பதிவு செய்யும் மேஜைக்கு மாற்றினார்கள். சிநேகிதிகள் எவ்வளவோ துருவிக் கேட்டும் சொல்லவில்லை. இங்கேகூட அந்த அம்மாவை அடையாளம் காட்டக்கூடியதையெல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

சில மாதம் கழித்து மறுபடியும் பலகைக்கு வந்தேன். அவரும் இடையிடையே அழைத்தார், இரண்டொரு நிமிடம் பேசுவதற்கு. அதற்குள் என் மனம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. கேட்பதற்கு ஒரு முறை இருக்கத்தானே வேண்டும், அதைச் சொல்லித்தருகிற படிப்பும் எங்காவது இருக்கும் என்று விசாரித்தேன். சிதம்பரத்தில் இருந்தது. அப்பா கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட். "நாலு வருஷம் மனசப் படிச்சிட்டு எந்த ஆபீசுக்குப் போவ?" என்றார். அம்மாதான், "போவட்டும் வுடுங்க" என்றாள்.

வேலையை விடப்போகிறேன் என்று, நாலு மணிக்கு அழைக்கும் அந்த அம்மாவிடம் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. கைவிட்டுப் போவதுபோல ஒரு குற்ற உணர்வு.

"போய் நல்லாப் படிம்மா" என்றார் அவர். "இப்பல்லாம் நாலு மணிக்கு அவ வாப்பாவே வூட்டுக்கு வந்துடறாரு. நான்தான் ஒரு நாள் கேட்டுப்புட்டேன், அவளப் பத்தி எங்கிட்ட பேச மாட்டீங்களான்னு. மனுசன் ஒக்காந்து அழுதுட்டாரு. இப்ப ரெண்டு பேரும் பேசிக்கறோம்."

சிதம்பரத்தில் முதல் இரண்டு வருடமும் ஏமாற்றம்தான். ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு, விளக்கு எரிந்ததும் விரல் எத்தனை நொடியில் பொத்தானை அழுத்துகிறது என்று அளந்தோம். வண்ணத் தட்டுகளைச் சுழற்றி நிறங்கள் கலப்பதைப் பார்த்தோம். எந்தப் பாடத்திலும் யாரும் அழவில்லை. மாதம் ஒரு முறை கடலூருக்கு ரயில் ஏறும்போதெல்லாம், திரும்பிப் போக வேண்டாம் என்று நினைப்பேன். பரங்கிப்பேட்டை தாண்டுவதற்குள் மனம் மாறிவிடும்.

விடுதியில் அடுத்த அறைப் பெண்ணுக்குச் சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். அவர்கள் நிலமும் வீடும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போயிருந்தன. குடும்பம் உறவினர் ஊருக்கு இடம் மாறிவிட்டது. பொங்கல் விடுமுறைக்குப் போய்விட்டு வந்தவள் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. புது வீடு கட்டித்தான் தருவார்களே, எதற்குக் கவலை என்று எல்லோரும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அறைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவள் சொன்னாள்.

"எங்க வூடு இருந்த எடத்துல இப்ப பள்ளம்தான்க்கா இருக்கு."

"வீடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் படம் போட ஆரம்பித்தாள். இது மாட்டுக் கொட்டாய், இது நாங்க படுக்கற எடம், இந்த ஓரத்துல முருங்க மரம். கிணற்றை வரையும்போது அழுதாள். நான் தாள் பறக்காமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். முடித்ததும் மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். மெஸ் மூடுவதற்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. இருவரும் வேகமாக நடந்தோம். குழம்பு ஆறிப்போய், அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. அவள் அதையே இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.