வேலி தாண்டிய குதிரை

மோட்டார் வாங்க வக்கில்லாமல் நான் வாங்கிய வண்டிக் குதிரை, ஒரே வாரத்தில் மூன்று முறை வேலி தாண்டி ஜெலுத்தோங் வரை ஓடியது. துரத்திய நான் இரண்டு முறை சாக்கடையில் விழுந்தேன். இன்னொரு முறை ஓடினால் அதை விற்றுவிட வேண்டும் என்றாள் மனைவி.

விடுவேனா? குதிரைக்காரர் ஒருவரை அழைத்து வந்தேன். எப்போதோ ஒரு குதிரை கடித்துப் பாதியான காது அவருக்கு. வாயில் எப்போதும் ஒரு பிடி கொள்ளு.

"வேலியை உசத்தட்டுமா, அண்ணே?"

"வேலி கெடக்குது லா. அதுக்குத் துணையில்ல. தெனம் சாயங்காலம் பக்கத்துல உக்காந்து பேசுங்க, தம்பி."

"குதிரைகிட்ட என்னத்தைப் பேச?"

"வீட்டுல பேசப் பயப்படுறதை."

எனக்கா விஷயம் இல்லை? பத்து நாள் பேசித் தீர்த்தேன். வேலிக்கதவு திறந்து கிடந்தும் குதிரை நகரவில்லை.

பதினோராம் நாள்தான் கவனித்தேன். வேலிக்கு மறுபுறம் குதிரைக்காரரும் கொள்ளு மென்றபடி உட்கார்ந்திருந்தார். தினமும் அங்கேதானாம்!

பாதிக் காதுக்காரர்தான், ஆனால் முழுவதும் கேட்டிருக்கிறார்; கேட்டதில் ஒரு வார்த்தைகூட இன்றுவரை என் மனைவியிடம் போகவில்லை.