யாரும் திறக்காத கதவு

நியுக் சின்னுக்குக் கோபம் வந்து மலேசியாவின் பத்து காஜா ஊர்ச் சந்தையில் யாரும் பார்த்ததில்லை. மீன் விழுது அடைத்த தௌஃபூ என்னும் சோயாக் கட்டி விற்பவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் யார் வாங்குவார்கள்? விலை பேசுகிறவர்களை அவள் சிரித்தே வழிக்குக் கொண்டுவந்து விடுவாள். "காசு குறைக்க மாட்டேன். வேணும்னா மீனைக் குறைக்கிறேன், சரியா?" என்பாள். வந்தவர் சிரித்துக்கொண்டே முழு விலையையும் கொடுத்துவிட்டுப் போவார்.

அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அம்மா ஈயச் சுரங்கமான லம்பத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மரத்தட்டில் மணல் அலசி ஈயம் எடுத்தவள். நியுக் சின் பள்ளியை விட்டுவிட்டுக் கடை போட்டதால்தான் தம்பி தியாம் லோய் படித்தான். அவன் வாய்க்குச் சோறு, கைக்குப் பேனா, கழுத்துக்குக் கேமரா எல்லாம் தௌஃபூவில் வந்ததுதான். இதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

லம்பம் மூடியதும் அந்த ஈயக்குட்டை ஓரத்தில் அவர்கள் வீடிருந்த தெருவே காலியானது. அம்மா இறந்தபின் நியுக் சின்னும் சந்தைக்குப் பின்னால் ஓர் அறைக்கு மாறினாள். ஆனால் சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் கடையை மூடியதும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய வீட்டுக்குப் போய்விடுவாள். பின்கட்டில் கிடக்கும் பச்சை ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டைக் கூட்டி, சாமி மேடையில் வைத்துக் கும்பிடும் அம்மாவின் பெயர்ப்பலகையைத் துடைத்து, ஊதுபத்தி ஏற்றுவாள். வாரறுந்த ஒரு செருப்பைக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தாள். அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் கூரை வழியாக மரம் முளைத்துவிட்டது. அவளுடைய வீடு மட்டும் காலியாக இருந்தாலும் கைவிட்ட வீடாக இருக்கவில்லை. அந்த வித்தியாசம்தான் அவளுக்கு எல்லாமும். பினாங்கில் இருக்கும் பெரியப்பா தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், "கூட்டிட்டேன் பெரியப்பா, பத்தியும் வச்சாச்சு" என்று சொல்வதில் அவளுக்கு ஒரு நிமிர்வு இருந்தது.

தியாம் லோய் இதற்குள் கோலாலம்பூரில் பெயர் வாங்கிவிட்டான். கல்யாணப் படம் எடுக்கிறவன் அல்ல. மூடிப்போன சினிமா கொட்டகை, பாழடைந்த பள்ளி, ஆள் போன வீடு என்று தேடிப் போய், முக்காலியில் பெட்டிக் கேமராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, வெளிச்சத்துக்காக அரைநாள் காத்திருந்து ஒரே ஒரு படம் எடுப்பான். ஒரு சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு அக்காவிடம் வந்தான்.

"அக்கா, நம்ம வீட்டை எடுக்கப் போறேன். ஒரே ஒரு உதவி. ஒரு வருசம் கூட்டாத. உள்ளயே போகாத."

"ஏன்டா?"

"தூசி தானா விழணும்க்கா. நாம தூவினா பொய்யாத் தெரியும். தூசிதான் ஞாபகம்."

"அப்படியா! சின்ன வயசுல உன் அறை முழுக்க ஞாபகமாத்தான் இருந்துச்சு. நான்தான் தெரியாம தினம் அள்ளிக் கொட்டிட்டேன்."

அவனும் சிரித்தான். பிறகு, "அம்மாவுக்காகத்தானே அக்கா" என்றான். அந்த ஒரு சொல்லில் அவள் விழுந்துவிட்டாள். வேலைக்கு நடுவிலும் தம்பிக்கு அம்மாவின் நினைப்பு இருக்கிறதே என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அந்த வருடம் அவள் வாசலோடு நின்றாள். ஊதுபத்தியை மண்ணில் குத்தி வைத்துவிட்டு, பூட்டிய கதவைப் பார்த்து, "அம்மா, தம்பிக்காகத்தான். கொஞ்சம் பொறுத்துக்கோ" என்பாள். அடுத்த புத்தாண்டு வந்தபோதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. புத்தாண்டுக்கு முன் வீட்டைக் கூட்டாமல் விடுகிற சீனக் குடும்பம் உண்டா? போன வருடத்துப் பீடையைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்கிற வேலை அது. துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஐயோ வேணாம்க்கா! புத்தாண்டு கழிஞ்சு வர்ற வெயில்தான் சன்னல் வழியா நேரா கட்டில்ல விழும். ஒரே ஒரு தடவை லா."

அவள் துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டாள். ஆயுசில் செய்யாததைச் செய்தாள், தம்பி சொன்னதற்காக.

படங்கள் கோலாலம்பூரில் ஒரு கண்காட்சிக் கூடத்தில் மாட்டப்பட்டன. "ரொம்ப தூரம், உனக்குக் கால் வலிக்கும்" என்று தியாம் லோய் அவளைக் கூப்பிடவில்லை. அவளாகத்தான் தூக்குச்சட்டியில் அவனுக்குப் பிடித்த தௌஃபூவை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாள்.

படங்கள் அழகாகத்தான் இருந்தன. பொய் சொல்லக் கூடாது. அம்மாவின் கட்டிலும் வெயிலும், சாமி மேடையில் சாம்பலாகப் படிந்த தூசியும் ஆள் உயரச் சட்டங்களில் நின்றன. அவள் அருகே போய் எழுதியிருந்ததைப் படித்தாள். 'அம்மா இறந்த நாளிலிருந்து இந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. பிள்ளைகள் நாங்கள் மறந்துபோனோம்.'

இன்னொரு தடவை படித்தாள். எழுத்து மாறவில்லை.

பக்கத்துப் படத்தில் அம்மாவின் கட்டிலுக்கடியில் பச்சை ரப்பர் செருப்பு இருந்தது. கம்பி முறுக்குகூடத் தெளிவாகத் தெரிந்தது. கீழே, 'அம்மாவின் செருப்பு, அவளுக்காகக் காத்திருக்கிறது.' ஒரு சின்னப் பெண் அதன் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது என் செருப்பும்மா" என்றாள் நியுக் சின்.

"உங்ககிட்டயும் இதே மாதிரி இருந்துச்சா ஆன்ட்டி? எங்க வீட்லயும் இருந்துச்சு" என்று அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தூசி தானாக விழணும் என்றவன் பொருளைத் தானே நகர்த்தியிருக்கிறான். பின்கட்டுச் செருப்பைக் கட்டிலுக்கடியில் வைத்து, உயிரோடிருப்பவளின் செருப்பைச் செத்தவள் கணக்கில் எழுதியிருக்கிறான். நியுக் சின் தம்பியைத் தேடிப் பிடித்து ஒரு மூலைக்கு இழுத்துப் போனாள்.

"யாரும் திறக்கலையாடா? அப்ப மாசம் ரெண்டு தடவை போனது யாரு, பேயா?"

"மெதுவாப் பேசுக்கா. இது கலை. எழுதுறது அப்படியே உண்மையா இருக்கணும்னு இல்ல."

"என் பேரைப் போட வேணாம். அக்கா ஒருத்தி கூட்டினான்னு ஒரு வரி எழுதினா உனக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

"கூட்டினவ ஒருத்தி இருந்தான்னு சொல்லிட்டா படம் நிக்காதுக்கா."

"படம் நிக்கட்டும்டா. நான் எங்கடா நிக்கிறது?"

யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட, "இதோ வந்துடறேன்க்கா" என்று போனான். அவள் தூக்குச்சட்டியைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தாள்.

அதோடு போகவில்லை. சீனப் பத்திரிகையில் அந்தப் படமும் அந்த வரிகளும் வந்தன. பெரியப்பா கூப்பிட்டார். "வருசக்கணக்கா பத்தி வச்சேன் வச்சேன்னியே, யாருக்கும்மா வச்ச? உன் தம்பியாவது மறந்துட்டேன்னு நேர்மையா ஒத்துக்கிட்டான்."

"பெரியப்பா, நான்..."

"கட்டில்ல கிடக்கிற தூசி பொய் சொல்லுமா?" என்று வைத்துவிட்டார்.

தம்பி கேட்டானே என்று அவளே விழவிட்ட தூசி அது. அதுவே இப்போது அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அன்று கடையில் விலை பேசிய ஒருவர்மேல் எரிந்து விழுந்தாள். சந்தையே திரும்பிப் பார்த்தது.

கல்லறை கூட்டும் சிங் மிங் நாள் வந்தது. விடிந்ததும் போய் அம்மாவின் கல்லறையில் புல்லைச் செதுக்கிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தாள். கட்டிலுக்கடியில் கிடந்த செருப்பை எடுத்து உதறிக் காலில் மாட்டிக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கூட்ட ஆரம்பித்தாள். தூசி எழும்பி மூக்கில் ஏறியது. தும்மினாள், அழுதாள், கூட்டுவதை நிறுத்தவில்லை.

வெயில் ஏறியபோது வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. வருடா வருடம் இந்த நாளில் தியாம் லோய் வருவான். அவள் சமைத்து வைத்திருப்பாள், அம்மாவுக்குப் படைத்துவிட்டு இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். கதவைத் தள்ளினான், திறக்கவில்லை. அடியிலிருந்த இடைவெளியில் அவன் காலில் பளபளப்பான தோல் சப்பாத்து தெரிந்தது.

"அக்கா? கூட்டுற சத்தம் கேக்குது. கதவைத் திற அக்கா, அம்மாவுக்குப் பத்தி வைக்கணும்."

அவள் துடைப்பத்தை நிறுத்தினாள்.

"இந்தக் கதவை யாரும் திறக்கிறதில்லையேப்பா. பேப்பர்லகூடப் போட்டிருந்தாங்களே."

"அக்கா, விளையாடாத."

"அக்காவா? இந்த வீட்ல அப்படி யாரும் இல்ல. இருந்தா படம் நிக்காதாம்."

சப்பாத்து ஓரடி பின்வாங்கியது. பத்தியை மண்ணில் குத்தும் கை தெரிந்தது. "அம்மா..." என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றுபோனது. ஒரு வருடம் முழுக்க அதே இடத்தில் நின்று அவள் பேசியிருக்கிறாள். பூட்டிய கதவிடம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் திறக்கவில்லை.

கார் போன பிறகு, அள்ளிய தூசியை முறத்தோடு கொண்டுபோய் ஈயக்குட்டையில் கொட்டினாள்.